கைப்பிடியும் கிண்ணமும்

1854-ஆம் ஆண்டு தென் லண்டனில் ஒரு மருத்துவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாம் காலராவில் ஆள் செத்த வீடுகள். வாசலில் நின்று அவர் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் வருகிறது? பல வீடுகளில் பதில் இல்லை. தண்ணீருக்குக் காசு கட்டுபவர் வீட்டுச் சொந்தக்காரர். அவர் வேறெங்கோ இருந்தார். குடியிருந்தவர்கள் வந்த தண்ணீரைப் பிடித்தார்கள், குடித்தார்கள், அவ்வளவுதான். மருத்துவர் ஒரு சிறு குப்பியில் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டு போய், அதில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுப் பார்த்தார். நகரத்துக்குள்ளே, கடல் ஏற்றத்தின் உப்பும் ஊர்ச் சாக்கடையும் சேரும் இடத்தில் எடுத்த தேம்ஸ் நீரென்றால் வெள்ளையாகத் திரண்டது. நகரத்துக்கு வெளியே, மேல்நீரோட்டத்தில் எடுத்ததென்றால் லேசாகக் கலங்கியதோடு சரி. இரண்டு நீருக்கும் உப்பில் 40 மடங்கு வித்தியாசம். வீட்டாருக்குத் தெரியாததைத் தண்ணீரே சொல்லிவிட்டது.

அந்த மருத்துவர் ஜான் ஸ்னோ. வீட்டாருக்குத் தெரியாதது ஒரு கம்பெனியின் பெயர். ஸ்னோவுக்குத் தெரியாதது அதைவிடப் பெரியது: காலரா என்பது என்ன, எதனால் வருகிறது என்றே அவருக்குத் தெரியாது. நீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்தும் பார்த்தார். இதுதான் என்று சுட்டிக்காட்டும்படி எதுவும் தென்படவில்லை.

அதற்கு ஏழாண்டு முன்பு, 1847-இல், வியன்னாவின் பொது மருத்துவமனையில் இன்னொரு மருத்துவர் ஒரு கிண்ணத்தைப் பிரசவ வார்டின் வாசலில் வைத்தார். கிண்ணத்தில் குளோரின் கலந்த தண்ணீர். பிறகு அது விலை அதிகம் என்று, நம் ஊர்க் கிணறுகளில் போடும் பிளீச்சிங் பவுடர்தானே, அதைக் கரைத்து வைத்தார். உள்ளே போகும் மாணவர் யாராக இருந்தாலும் அதில் கை கழுவிவிட்டுத்தான் கர்ப்பிணியைத் தொடவேண்டும் என்றார். இவர் புடா நகரில் மளிகை வணிகருக்குப் பிறந்த ஹங்கேரியர், இக்னாஸ் செம்மல்வைஸ். பிரசவித்த பெண்களைக் கொன்ற காய்ச்சல் எதனால் வருகிறது என்று இவருக்கும் முழுதாகத் தெரியாது.

பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் இருக்கும் நுண்கிருமியை லூயி பாஸ்டர் காட்டியது 1879-இல். காலராக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிசெய்தது 1884-இல். இத்தாலியில் பாச்சினி என்பவர் 1854-லேயே அதைப் பார்த்து எழுதியிருந்தும் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆக, ஸ்னோவும் செம்மல்வைஸும் வேலை செய்தது ஒரே இருட்டில். ஒருவர் தெருவோரக் குடிநீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். மற்றவர் கிண்ணத்தில் கை கழுவச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன.

அறியாமையையும் ஞானத்தையும் பற்றிப் பேச வந்தால் நாம் வழக்கமாகச் சாக்ரடீஸிடம் போய்விடுவோம். தமக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டுமே தமக்குத் தெரியும் என்று அவர் சொன்னதாக மேடைதோறும் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். ஆனால் அப்படிச் சொல்வதற்கு ஒரு மனிதர் என்ன விலை கொடுக்கவேண்டும் என்பது மேடையில் தெரிவதில்லை. சாவு விழுந்துகொண்டிருக்கும் வார்டில் நின்று, எல்லோரும் தங்களிடம் விடை இருப்பதாகச் சொல்லும்போது, ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்வதற்கு என்ன வேண்டும்? அதைப் பார்க்கத்தான் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறேன்.

முதலில் அந்தக் காலத்து விடையைச் சொல்லிவிடவேண்டும். கெட்ட காற்று. அழுகலிலிருந்து எழும் நாற்றம் உடம்புக்குள் புகுந்து நோயாகிறது என்பது படித்தவர் படிக்காதவர் அத்தனை பேரின் நம்பிக்கை. கேட்பதற்கு மடத்தனமாகத் தோன்றலாம், ஆனால் அது மடத்தனம் இல்லை. நாற்றம் அடிக்கும் தெருக்களில்தான் காலரா அதிகம். லண்டனின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரத்துக்குப் பொறுப்பாயிருந்த வில்லியம் ஃபார், தேம்ஸ் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் வீடு இருக்கிறதோ அவ்வளவுக்குச் சாவு குறைகிறது என்று எண்களால் காட்டியிருந்தார். எண்களில் பிழையில்லை. தாழ்ந்த பகுதியில் நதியின் நாற்றம் அதிகம் என்று அவர் கண்டார். அதே பகுதிக்குத்தான் மோசமான நீரும் வந்தது என்பது விட்டுப்போயிற்று. இது தெரியாத்தனம், கையில் இருந்த தகவலை ஒழுங்காகக் கோத்தும் ஒரு கண்ணி விடுபட்டுப்போன தெரியாத்தனம்.

ஸ்னோ அந்தக் கண்ணியைப் பிடித்தது படிப்பால் மட்டும் வந்ததல்ல. யார்க் நகரத்துக் கூலித் தொழிலாளியின் மூத்த மகன் அவர். 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, 1831–32 காலராவின்போது கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க அனுப்பப்பட்டார். சுரங்கத்துக்குள் கக்கூஸ் கிடையாது, கை கழுவ வழியும் இல்லை. கொண்டுபோன சாப்பாட்டை அதே கையால் எடுத்துச் சாப்பிட்டார்கள். பின்னாளில் அவர் எழுதியபோது இந்தச் சாப்பாட்டையும் கையையும் ஒரு வாதமாக வைத்தார். குடலைத் தாக்கும் நோய் மூக்கு வழியாக ஏன் போகவேண்டும், வாய் வழியாகத்தானே போகவேண்டும் என்பது அவருடைய எளிய கேள்வி. மயக்க மருந்தில் அவர் நிபுணர், 1853-இல் விக்டோரியா அரசிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவர். ஆவி உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நாளெல்லாம் பார்த்தவர் ஆகையால், நாற்றம் காலராவாக மாறும் என்ற பேச்சை அவரால் ஏற்கமுடியவில்லை.

தென் லண்டனில் குப்பியோடு அலைந்துகொண்டிருந்த நாட்களில்தான், 1854 ஆகஸ்ட் 31 இரவு, சோஹோ பகுதியின் பிராட் தெருவில் காலரா வெடித்தது. பத்து நாளில் ஒரு சிறு வட்டாரத்துக்குள் 500-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடைசிக் கணக்கு 616. அந்தத் தெருவின் அடிபம்புத் தண்ணீர் ருசியானது என்று பேர் வாங்கியிருந்தது. வேறு பம்பு பக்கத்தில் இருந்தும் இதைத் தேடி வந்து பிடித்தவர்கள் உண்டு. ஸ்னோ செத்தவர்களின் வீட்டை எண்ணினார்; அதைவிட முக்கியமாக, சாகாதவர்களை எண்ணினார். பக்கத்து ஏழையர் உழைப்பு விடுதியில் 535 பேர். ஐந்தே பேர்தான் இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுபான ஆலையில் 70 பேருக்கு மேல் வேலை. காலராவில் சாவே இல்லை. அவர்கள் ஆலையின் பீரையே குடித்தார்கள். இன்னொரு பக்கம், பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவைத் தாய் இறந்துகிடந்தார். முன்பு குடியிருந்த பிராட் தெருத் தண்ணீரின் ருசி மறக்காமல், தினமும் ஒரு பாட்டிலில் அங்கிருந்து வரவழைத்துக் குடித்தவர் அவர்.

செப்டம்பர் 7 மாலை, திருச்சபை வட்டாரத்துப் பொறுப்பாளர்களின் கூட்டத்தில் ஸ்னோ இதைச் சொன்னார். அவர்கள் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு ஸ்னோ செய்ததுதான் என்னை அவரிடம் நிறுத்திவைக்கிறது. கைப்பிடியைக் கழற்றியதால் சாவு நின்றது என்று அவர் எழுதியிருக்கலாம், யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். அவர் எழுதவில்லை. கழற்றுவதற்கு முன்பே சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். அந்த நேரத்தில் கிணற்றில் நஞ்சு இன்னும் இருந்ததா போய்விட்டதா என்று சொல்ல முடியாது என்று தம்முடைய புத்தகத்திலேயே பதிந்துவைத்தார். தம் வாதத்துக்கு மிகவும் சாதகமான இடத்தில், இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று கோடு போட்டு நிறுத்துவது சாதாரணக் காரியம் அல்ல. நாம் ஒரு வைத்தியம் பலித்தாலே அதற்குள் பத்துப் பேரிடம் சொல்லிவிடுகிறோம்.

வியன்னாவுக்கு வருவோம். அங்கே இருட்டின் தன்மையே வேறு.

மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள். இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். இன்று ஒரு பிரிவு, நாளை மறு பிரிவு என்று மாறி மாறிச் சேர்ப்பார்கள். 1846-இல் முதல் பிரிவில் 4,010 பிரசவம், 459 சாவு. இரண்டாவதில் 3,754 பிரசவம், 105 சாவு. ஒரே கட்டடம், ஒரே காற்று, ஒரே சமையல். முதல் பிரிவின் முறையன்று வந்துவிட்ட பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள், தங்களை வேறு பிரிவுக்கு அனுப்பச்சொல்லி. வரும் வழியில் தெருவிலேயே பெற்றுவிட்டவர்களுக்குக்கூடக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. அந்த ஏழைப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர்களுக்கும் காரணம் தெரியாது, எங்கே சாவு இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

செம்மல்வைஸ் காரணத்தைத் தேடினார். கூட்ட நெரிசலா? இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். பெண்களை மல்லாக்கப் படுக்கவைத்துப் பிரசவம் பார்ப்பதாலா? ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தார், பயனில்லை. இறுதிச் சடங்குக்கு மணியடித்துக்கொண்டு வரும் பாதிரியாரைக் கண்டு ஏற்படும் பயமா? மணியில்லாமல் வேறு வழியாக வரச்செய்தார், அதிலும் மாற்றமில்லை. பதில் கிடைக்காத ஒவ்வொரு நாளும் காலையில், வார்டுக்குப் போகுமுன், முந்தைய நாள் இறந்த பெண்களின் உடல்களை அறுத்துப் பரிசோதித்தார். தெரிந்துகொள்ளவேண்டும் என்ற தவிப்பில் மற்ற எவரையும்விட அதிகமாகவே பரிசோதித்தார்.

1847 மார்ச்சில் வெனிஸ் போய்வந்தபோது, நண்பர் யாகோப் கொலெட்ச்கா இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி விரலில் கீறி, அந்தப் புண்ணால் இறந்திருந்தார். பரிசோதனை அறிக்கையைப் படித்த செம்மல்வைஸுக்கு விளங்கிவிட்டது. நண்பரின் உடலில் கண்டவை, பிரசவித்த பெண்களின் உடலில் கண்டவையே. பிணத்திலிருந்து ஏதோ ஒன்று கத்தி வழியாக நண்பருக்குள் போயிற்று. அதே ஒன்று, பிணவறையிலிருந்து நேரே வார்டுக்குப் போகும் மாணவர்களின் விரல் வழியாகப் பெண்களுக்குள் போகிறது. மருத்துவச்சிகள் பிணத்தை அறுப்பதில்லை. அதனால்தான் இரண்டாவது பிரிவு பிழைத்தது.

அவர் குளோரினைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கவனிக்கவேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் கையில் பிண நாற்றம் நின்றது. நாற்றத்தை எது போக்குமோ அது அந்தப் பொருளையும் போக்கும் என்று எண்ணினார். லண்டனில் நாற்றத்தை நம்பியவர்கள் வழி தவறினார்கள். ஸ்னோ நாற்றத்தைத் தள்ளிவிட்டுத் தண்ணீரைப் பிடித்தார். வியன்னாவில் செம்மல்வைஸ் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முதலில் அது பிணத்தின் துகள் மட்டுமே என்று நினைத்தார். அக்டோபரில் கருப்பைப் புற்று அழுகிய ஒரு பெண் முதல் படுக்கையில் இருந்தார். அவரைத் தொட்டுப் பரிசோதித்த கையோடு அடுத்த பன்னிரண்டு பேரைப் பரிசோதித்தார்கள். பதினொரு பேர் இறந்தார்கள். உடனே தம் கருத்தை அகலப்படுத்தினார்: பிணம் மட்டுமல்ல, அழுகும் எந்தப் பொருளும். ஒவ்வொரு பெண்ணுக்கும் இடையில் கை கழுவவேண்டும். அது உயிருள்ள கிருமி என்பதை மட்டும் அவர் எட்டவில்லை.

ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூலையில் 1.2 சதவீதம். 1848 முழுதும் முதல் பிரிவில் 3,556 பிரசவத்துக்கு 45 சாவு. இரண்டாவது பிரிவுக்குச் சமம்.

இவ்வளவு தெளிவான எண் ஸ்னோவுக்கும் கிடைத்தது. நகருக்குள் பேட்டர்சீயில் நீரெடுத்த கம்பெனியின் வீடுகளில் 10,000-க்கு 315 சாவு. 1852-இலேயே மேல்நீரோட்டத்துக்கு மாறிவிட்ட லாம்பெத் கம்பெனியின் வீடுகளில் 37. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் இவை. ஆனாலும் அரசாங்கத்தின் சுகாதார வாரியம் அமைத்த குழு ஸ்னோவை ஏற்கவில்லை. எண்கள் இருவருக்கும் இருந்தன, மறுப்பும் இருவருக்கும் இருந்தது. அதற்கு மேல்தான் பாதைகள் பிரிகின்றன.

நம் மொழியில் இதைப் பிரித்தறியச் சொற்கள் உண்டு. வள்ளுவர் கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார்; பேதைமைக்கு வேறு; அதை அடுத்துப் புல்லறிவாண்மைக்கு வேறு. மூன்றும் ஒன்றென்றால் மூன்று அதிகாரம் எதற்கு? கல்லாமை படித்தால் தீரும். பேதைமை தனக்கு எது கேடு, எது நன்மை என்று தெரியாத நிலை. புல்லறிவாண்மையின் இயல்பு வேறு: கொஞ்சம் அறிவை வைத்துக்கொண்டு தன்னைப் பேரறிவாளியாக எண்ணி, அடுத்தவர் சொல்லும் நல்லதைக் கேட்காதிருப்பது. படிப்பு இதைத் தீர்ப்பதில்லை. பதவியோடு சேர்ந்தால் வளர்க்கவும் செய்யும். லண்டனில் ஸ்னோ எதிர்கொண்டதில் பெரும்பகுதி அறியாமை. வியன்னாவில் செம்மல்வைஸ் எதிர்கொண்டதில் பெரும்பகுதி புல்லறிவாண்மை.

ஃபாரையே பாருங்கள். கெட்ட காற்றை நம்பியவர், ஸ்னோவின் கருத்தை ஏற்காதவர். ஆனால் செத்தவர்களின் முகவரிப் பட்டியலை ஸ்னோவுக்குக் கொடுத்தவர் அவரேதான். 1866-இல் கிழக்கு லண்டனில் மறுபடி காலரா வந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தண்ணீர்க் கம்பெனியின்மேல் சந்தேகத்தைத் திருப்பியவரும் அவரே. பல வருடம் நம்பியதை விட்டுக்கொடுத்தார்.

சோஹோவின் இளம் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் இன்னும் ஒரு படி மேல். அந்தத் தெருவில் ஒவ்வொரு குடும்பத்தையும் பேர் சொல்லி அழைக்கும் பழக்கம் உள்ளவர். ஸ்னோ சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் விசாரணையைத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்க, ஸ்னோவுக்கே கிடைக்காத சான்று இவர் கையில் வந்தது: பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில், தொற்று வெடிப்பதற்குச் சில நாள் முன்பே ஐந்து மாதக் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கில் கிடந்து பிறகு இறந்திருந்தது. தாய் குழந்தையின் துணிகளை அலசி, அந்த நீரை வீட்டு முகப்பிலிருந்த மலக்குழியில் கொட்டினார். தோண்டிப் பார்த்தபோது குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. குழந்தையின் தந்தைக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8. கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். கைப்பிடி இருந்திருந்தால் கிணற்றுக்குள் மறுபடி நஞ்சு இறங்கி, இரண்டாவது அலை எழுந்திருக்கும் என்று ஒயிட்ஹெட் கண்டார். ஸ்னோ தெரியாது என்று விட்டுவைத்த இடத்தை, அவரை மறுக்க வந்தவர் நிரப்பினார். அந்த இடத்தை ஸ்னோ பொய்யான உறுதியால் அடைத்திருந்தால் ஒயிட்ஹெட்டுக்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கும்?

வியன்னாவில் இப்படி ஒருவரும் இல்லையா என்றால், இருந்தார்கள். தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா கண்டுபிடிப்பைப் பத்திரிகையில் அறிவித்தார். ஆனால் பிரசவத் துறையின் தலைவர் யோஹான் கிளைன் எதிர்த்தார். 1849-இல் செம்மல்வைஸின் உதவியாளர் பதவி புதுப்பிக்கப்படவில்லை. இந்தக் கதையில் கிளைனை வில்லனாக்கி முடித்துக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு முழுதாக இல்லை. ஸ்னோவை ஒத்துக்கொள்வதற்கு ஒருவர் தண்ணீர்க் கம்பெனியைக் குறைசொன்னால் போதும். செம்மல்வைஸை ஒத்துக்கொள்ளவேண்டுமானால் ஒரு பேராசிரியர் தம் கையைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இருபது வருடமாகத் தம் விரலால், தாம் பயிற்றுவித்த விரல்களால், எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்று கணக்கிடவேண்டும். அந்த இடத்தில் மனிதர்கள் அறிவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கீல் நகரத்துப் பேராசிரியர் குஸ்டாவ் மிக்காயலிஸ் நிறுத்தவில்லை. தாம் பிரசவம் பார்த்த உறவுப்பெண் அந்தக் காய்ச்சலில் இறந்திருந்த நிலையில், செம்மல்வைஸின் விளக்கம் அவர் கைக்கு வந்தது. கை கழுவுதலை உடனே தம் மருத்துவமனையில் கொண்டுவந்தார். ஆனால் குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. 1848-இல் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். இந்த ஒரு சாவைத் தெரிந்துகொண்ட பிறகு, மறுத்தவர்களின் மறுப்பு எனக்குக் கொஞ்சம் புரிகிறது. மன்னிக்க முடிகிறதா என்பது வேறு.

செம்மல்வைஸ் தம்மை விலக்கிக்கொள்ளவில்லை. 1861-ஆம் ஆண்டிட்ட தம் நூலில், தம் கையால் அகாலத்தில் கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர் என்பது கடவுளுக்கே தெரியும் என்ற பொருளில் எழுதினார். மற்ற மருத்துவர்களைவிட அதிகமாகப் பிணத்தைத் தொட்டவர் தாமே என்பதையும் ஒளிக்கவில்லை. அறிவைத் தேடிய முனைப்பே சாவைச் சுமந்து போயிருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று ஒதுங்கிக்கொள்ள முழு நியாயம் இருந்தும் அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்னோவின் அடக்கத்தைவிட இது கடினமானது. ஸ்னோ தாம் அறியாததைச் சொன்னார். செம்மல்வைஸ் தம் அறியாமை செய்ததைச் சொன்னார். ஞானம் என்ற சொல்லை இந்த இருவரில் ஒருவருக்கு மட்டும்தான் தரலாம் என்றால், அந்த ஒரு பக்கத்துக்காக நான் செம்மல்வைஸுக்குத் தருவேன்.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஸ்னோ 1849-இல் சிறு நூல் எழுதி, விமர்சனங்களைக் கேட்டு, 1855-இல் வரைபடத்தோடும் புதிய கணக்கோடும் விரித்து எழுதினார். செம்மல்வைஸ் வெகுகாலம் எழுதவே இல்லை, நண்பர்கள் எழுதினார்கள். 1850-இல் வியன்னாவின் மருத்துவர் சங்கத்தில் பேசிய அவர், அதே ஆண்டு அக்டோபரில் நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். பெஸ்ட் நகரில் செயின்ட் ரோக்கஸ் மருத்துவமனையில் ஆறு ஆண்டில் 933 பிரசவம், எட்டே சாவு. வேலை பேசியது. ஆனால் 1861 முதல் அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதங்களில், தம் முறையை ஏற்காத பேராசிரியர்களைப் பெயர் சொல்லிக் கொலைகாரர்கள் என்றார். சொன்னது பொய் என்று யாரும் சொல்லமுடியாது. கேட்கக்கூடிய சில காதுகளும் அதனால் மூடிக்கொண்டன. தம் பழைய அறியாமையைத் தாங்கிக்கொண்ட மனிதரால் மற்றவர்களின் அறியாமையைத் தாங்கமுடியவில்லை. தினமும் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், பொறுமை எப்படி வரும் என்று அவர் பக்கம் நின்று கேட்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஒயிட்ஹெட்டைப் போன்ற ஒருவர் மறுக்க வந்து ஒத்துக்கொண்டு போவதற்கு ஒரு கதவு திறந்திருக்கவேண்டும். செம்மல்வைஸ் அதை அடைத்துவிட்டார்.

முடிவுகள் இருவருக்கும் நல்லதாக இல்லை. ஸ்னோ 1858 ஜூன் 16-இல், 45 வயதில், பக்கவாதத்தால் இறந்தார். லான்செட் இதழின் இரங்கல் குறிப்பில் மயக்க மருந்து பற்றி இருந்தது, காலரா பற்றி ஒரு சொல் இல்லை. செம்மல்வைஸ் மனநிலை குலைந்து, 1865 ஜூலை இறுதியில் வியன்னாவின் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். அழைத்துப்போனவர் பழைய நண்பர் ஹெப்ரா. இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, 47 வயதில் இறந்தார். உடலில் அடிபட்ட காயங்கள். அவை சீழ்பிடித்து நஞ்சு இரத்தத்தில் ஏறியிருந்தது. எந்த நோயிலிருந்து தாய்மாரைக் காப்பாற்றினாரோ, அதே இனத்தைச் சேர்ந்த நோய்.

ஸ்னோ இறந்த அந்தக் கோடையில் தேம்ஸ் நதி நாறியது. வெயிலில் சாக்கடை வெந்து எழுந்த நாற்றத்தில் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர்க் கரைசலில் நனைத்துக் கட்டவேண்டியிருந்தது. அதன் பிறகுதான் ஜோசப் பேசல்கெட்டின் பெரும் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். நாற்றத்தைப் போக்கத்தான் அது கட்டப்பட்டது. நாற்றத்தோடு கழிவும் குடிநீரைவிட்டு விலகிப்போயிற்று. காலரா லண்டனைவிட்டு ஒழிந்தது. சரியான வேலையைத் தவறான காரணத்துக்காகவும் மனிதர்கள் செய்துவிடுவது உண்டு. ஆனால் அதே நாற்றத்துக்குப் பயந்துதான் சில வருடம் முன்பு வீட்டு மலக்குழிகளையெல்லாம் தேம்ஸில் கழுவிவிட்டு, குடிநீரிலேயே காலராவைக் கலந்திருந்தார்கள். தெரியாமல் செய்த நன்மையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த ஒப்பீட்டைத் தொடங்கியபோது எனக்குத் தட்டுப்படாத ஒன்று முடிவில் கிடைத்தது. ஸ்னோவின் 1855 புத்தகத்தில் காலராவைத் தடுக்க அவர் சொல்லும் யோசனைகளில் முதலில் வருவது பம்பும் இல்லை, கம்பெனியும் இல்லை. நோயாளி இருக்கும் ஒவ்வோர் அறையிலும் கை கழுவும் கிண்ணம், தண்ணீர், துண்டு வைக்கவேண்டும். பணிவிடை செய்பவர் உணவைத் தொடுமுன் கழுவவேண்டும். ஒருவரையொருவர் அறிந்திராத இருவரும் ஒரே கிண்ணத்துக்கு வந்து நின்றிருக்கிறார்கள்.

இன்று லண்டனில் அந்த இடத்தில் கைப்பிடியில்லாத ஒரு பம்பை நினைவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் செம்மல்வைஸின் பெயரில் இருக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளிலும் பிரசவ வார்டின் வாசலில் வாஷ்பேசின் இருக்கிறது, மேலே கை கழுவும் முறை ஆறு படமாக ஒட்டியிருக்கிறது. உங்கள் மகளோ மருமகளோ தங்கையோ உள்ளே படுத்திருக்கும்போது, பரிசோதிக்க வருபவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், பார்க்கப்போகும் உறவினர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கை கழுவியாயிற்றா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.